பாட்டு மத்தவங்ககிட்ட இருக்கு

செல்லம் என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது, உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக அவள் கையில் செல்லோவை, அந்த ஆளுயர வயலினை, கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்ததை அவள் விடவில்லை. வளர்ந்த பிறகு பல்கலைக்கழகத்திலும் அதையேதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்போது சித்தப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "செல்லம் செல்லோ படிக்கப் போகுது. படிச்சு முடிச்சா செல்லுமா, செல்லாதா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

வீட்டை விட்டு வந்து இது இரண்டாம் வருஷம். இங்கே அவளைச் செல்லம் என்று கூப்பிட ஆளில்லை. அந்தச் சிரிப்பைச் சொன்னால் புரிந்துகொள்ளவும் ஆளில்லை.

இசைத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் பயிற்சி அறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, இசைத்தாளை வைக்க ஒரு ஸ்டாண்டு, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவு இடம். கதவில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. சத்தம் வெளியே போகாத சுவர் என்று பெயர்தான். இடப்பக்கத்து அறையில் டிரம்பெட்காரன் ஒரே வரியை ஊதிக்கொண்டிருப்பான், வலப்பக்கத்தில் பாடுகிறவள் மேலே மேலே ஏறிக்கொண்டிருப்பாள், எதிரே பியானோ. சந்தைக்கடை தோற்றுப்போகும். ஆனால் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் பேச்சு என்று ஒன்று கிடையாது. கதவைத் திறந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அவரவர் அறைக்குள் போய்விடுவார்கள். சில நாள் சாயங்காலம் கடையில் ரொட்டி கேட்கும்போதுதான் அன்றைய முதல் வார்த்தையே அவள் வாயிலிருந்து வரும். அது பாதி காற்றாகத்தான் வரும். கடைக்காரர், "தொண்டை கட்டியிருக்கா?" என்று விசாரிப்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவாள். வேறு என்ன சொல்வது, தொண்டையை உபயோகப்படுத்தவே இல்லை என்றா?

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த ஒரே பற்றுக்கோடு குவார்ட்டெட். இரண்டு வயலின், அதை விடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, ஒரு செல்லோ என்று நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் குழு. இரண்டாம் வருஷத்தில் எல்லாரும் ஒரு குழுவில் இருந்தாக வேண்டும், வருஷக் கடைசியில் அந்தக் குழுவோடு தேர்வு எழுத வேண்டும். எழுதுவது என்ன, வாசிப்பதுதான். யார் யாரோடு என்பதை அலுவலகம் முடிவு செய்யும். அவளை மூன்று பேரோடு சேர்த்துப் போட்டார்கள். அந்த மூன்று பேரும் முன்பே ஒரே பள்ளியில் ஒன்றாக வாசித்தவர்கள். முதல் வயலின்காரிக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் தலைவி. அவள் நடந்து வந்தாலே நாற்காலிகள் தானாக வரிசையில் நின்றுகொள்ளும் போலிருக்கும். இரண்டாம் வயலின்காரனுக்குப் பெயர் கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடியும் தயங்கித் தயங்கிப் பேசுகிற வாயும் உள்ள பையன். வயோலாக்காரனை நெட்டை என்பார்கள். எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது தாளம் போட எவரும் கிடையாது. ஒருவர் மூச்சை இழுப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தந்தியில் வில்லை வைக்க வேண்டும். அதனால் வாரத்தில் நடந்த இரண்டு ஒத்திகைகளிலும் மூன்று பேர் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று பேர் அவளோடு சேர்ந்து மூச்சு விட்டார்கள். மற்ற நாட்களை அவள் அந்த இரண்டு நாட்களுக்காகத்தான் கடத்தினாள் என்று சொன்னால் மிகையில்லை.

ஒத்திகை முடிந்ததும் மூவரும் எதிர்த்தெருவில் இருந்த சின்ன டீக்கடைக்குப் போவார்கள். முதல் தடவை அவளையும் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். கடையில் மேஜைக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற வழிதான் இருந்தது. வயலின் பெட்டி மடியில் அடங்கும். செல்லோப் பெட்டியோ, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. அதை எங்கே நிறுத்தினாலும் எவராவது ஒருவர் எழுந்து வழி விட வேண்டியிருந்தது. டீ கொண்டு வந்தவர் மூன்று தடவை இடித்துக்கொண்டார். அடுத்த தடவை அவள், "நீங்க போங்க, நான் இதைப் போய் வச்சிட்டு வர்றேன்" என்றாள். வைத்துவிட்டு வருவதற்குள் அவர்கள் குடித்து முடித்து எழுந்துவிட்டிருந்தார்கள். அதற்கடுத்த தடவை, "வேலை இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இப்படித்தான் ஆகிறது, சண்டையும் இல்லாமல் சச்சரவும் இல்லாமல்.

வாசிப்பில் அவளுக்கு ஒரு குறை இருந்தது. ஸ்வரம் சுத்தமாக இருக்கும், நாதம் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு இமைப்பொழுது பின்னால் வருவாள். தலைவி பல தடவை சொல்லிவிட்டாள். செல்லோ ஆசிரியையும் சொன்னார். மற்ற மூன்று பேரும் எங்கே போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் போகிறாய், செல்லோதானே அஸ்திவாரம், அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீடு எப்படி நிற்கும் என்று கேட்டார். அவளுக்குப் புரியத்தான் செய்தது. தாளம் தட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு தனியாக வாசித்தால் இம்மி பிசகாது. அந்த மூவருக்கு நடுவில் உட்கார்ந்தால்தான், எங்கே முந்திக்கொண்டுவிடுவோமோ என்று கை தயங்கும்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஒத்திகை இல்லாத ஒரு நாள் மத்தியானம், தண்ணீர் பிடிக்கத் தன் அறையை விட்டு வெளியே வந்தாள். நடைபாதைக் கோடியில் இருந்த பெரிய அறையிலிருந்து ஒரு இசை கேட்டது. அவர்கள் தேர்வுக்கு வைத்திருந்த இசைப்படைப்பின் மெதுவான பகுதி. யாரோ ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். நல்ல பதிவு, யாருடையது என்று கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தாள். அப்போது இசை நின்றது. தலைவியின் குரல் கேட்டது. "சூப்பர். அதே மாதிரி இன்னொரு தடவை, அந்தத் திருப்பத்திலேர்ந்து."

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தலைவி, கண்ணாடி, நெட்டை. அவளுடைய இடத்தில் மூன்றாம் வருஷத்துச் சுருட்டை உட்கார்ந்திருந்தான். துறையிலேயே பேர் வாங்கிய செல்லோக்காரன். முடியெல்லாம் கண்ணில் விழ, வில்லை வைத்தான்.

அவள் அங்கேயிருந்து போயிருக்கலாம். போகவில்லை. அவன் நன்றாக வாசித்தான், அதுகூடப் பெரிதில்லை. சுருட்டை நன்றாக வாசிப்பான் என்பது ஊருக்கே தெரியும். தலைவியும் கண்ணாடியும் நெட்டையும் அப்படி வாசித்து அவள் கேட்டதே இல்லை. அவளுக்குப் பழக்கமான தலைவியின் கறார் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒரு இடத்தில் நெட்டை புருவத்தைத் தூக்கினான், சுருட்டை அதைப் பார்த்துச் சின்னதாக ஏதோ செய்தான், நாலு பேரும் வாசித்துக்கொண்டே சிரித்தார்கள். செல்லம் அந்தப் பகுதி முடிகிறவரை தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த ஒத்திகைக்கு மூவரும் ஒன்றும் நடக்காத மாதிரி வந்தார்கள். செல்லமும் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்தாள். இப்போது சொல்வார்கள், இப்போது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். தலைவி அன்றைக்கு அவள் பின்னால் வருவதைக்கூடத் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டதுதான் அவளுக்கு நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. முடிந்து மற்ற இருவரும் கிளம்பிய பிறகு, ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்த கண்ணாடியிடம் கேட்டாள்.

"சுருட்டையோட எதுக்கு வாசிக்கிறீங்க?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு மென்று முழுங்கிச் சொன்னான். ஒரு போட்டி இருக்கிறதாம், வெளியூரில். அதற்கு அவனோடு பேர் கொடுத்திருக்கிறார்களாம். தேர்வுக்கு அலுவலகம் போட்ட குழுவை மாற்ற முடியாது, அதனால் தேர்வு அவளோடுதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை, அவள் கவலைப்பட வேண்டாம்.

"எப்பலேர்ந்து?"

"வருஷ ஆரம்பத்திலேர்ந்தே," என்றான். "உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம். யார் சொல்றதுன்னுதான்."

சிறு பிள்ளைகள் விளையாடும்போது ஒன்றை அழ வேண்டாம் என்று சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடினாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை. ஒப்புக்குச் சப்பாணி. வருஷம் முழுக்கத் தான் அதுவாகத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "சரி," என்றாள். கண்ணாடி நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, மற்றவர்களைப் பிடிக்க ஓடினான்.

அந்த வார விடுமுறையில் அம்மா போன் செய்தாள். அக்காவுக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருந்த சமயம், அம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. சாப்பிட்டாயா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது, குழந்தை அப்படியே உன் ஜாடை, என்று மூச்சு விடாமல் பேசினாள். சொல்லிவிடலாமா என்று செல்லத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. எதைச் சொல்வது? அடித்தார்களா, திட்டினார்களா? அவளை விட நன்றாக வாசிக்கிற ஒருவனோடு வாசிக்கிறார்கள், அவ்வளவுதானே. "வாசிக்கப் போறேம்மா" என்று மட்டும் சொன்னாள். அம்மா, "சரி, நீ பாட்டுக்கு வாசி. போனைப் பக்கத்துல வை. நான் துணி மடிச்சுக்கிட்டே கேக்கறேன்" என்றாள்.

போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவள் முதல் பகுதியை எடுத்தாள். குவார்ட்டெட்டில் செல்லோவுக்கு எழுதியிருப்பதைத் தனியாக வாசித்தால், ஒரே ஸ்வரம் நெடுநேரம் இடிக்கும், கொஞ்சம் இறங்கும், நிற்கும், எண்ணிக்கொண்டு சும்மா இருக்கும், மறுபடியும் இடிக்கும். அம்மா பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மனம் நோகக்கூடாது என்கிற குரலில் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே மாதிரி போகுதே. பாட்டு எப்ப வரும்?"

"பாட்டு மத்தவங்ககிட்ட இருக்கும்மா," என்றாள் செல்லம்.

அம்மா சிரித்துவிட்டாள். "அப்ப அவங்களையும் கூட்டிட்டு வந்து வாசிச்சுக் காட்டு ஒரு நாள்," என்றாள். அதற்குள் குழந்தை அழ, போன் அணைந்தது.

தேர்வு ஒரு காலை வேளையில் நடந்தது. நீண்ட கூடம், அதன் கோடியில் தேர்வாளர்கள் மூன்று பேர், முன்னால் நாலு நாற்காலி. பார்க்க வேறு யாரும் இல்லை, அடுத்த குழு மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. முதல் பகுதி எப்போதும் போல நடந்தது. அடுத்தது அந்த மெதுவான பகுதி. அதைச் செல்லோதான் தனியாகத் தொடங்க வேண்டும், சில ஸ்வரங்களுக்குப் பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். வழக்கமாக அவள் தலைவியின் முகத்தைப் பார்ப்பாள். தலைவி கண்ணால் சரி என்றதும் வில்லை எடுப்பாள்.

அன்றைக்கு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீராப்பு ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் அந்த மூன்று முகங்களும் கண்ணில் படும், பட்டால் அழுதுவிடுவோம் என்கிற பயம்தான். செல்லோவின் கீழே நீளும் இரும்புக் குச்சி மரத்தரையில் குத்தியிருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே முன்பு வாசித்தவர்கள் குத்திய பொத்தல்கள் அம்மைத் தழும்பு மாதிரி நிறைய இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே தன் மூச்சைத் தானே இழுத்து, தொடங்கினாள்.

அந்தப் பகுதி முடிகிறவரை அவள் தலையைத் தூக்கவே இல்லை. யாருக்காகவும் நிற்கவில்லை. யார் வந்தார்கள், எங்கே சேர்ந்தார்கள் என்று காதில் விழுந்ததே தவிர, அதற்காகக் கை தயங்கவில்லை. ஒரு இடத்தில் தலைவி கொஞ்சம் முந்தினாள், பிறகு அவளே திரும்பி வந்து சேர்ந்துகொண்டாள். நடுவில் செல்லோவுக்கு வருகிற நீண்ட பாட்டை, அறையில் தனியாக வாசிப்பதுபோலவே வாசித்தாள். முடிந்ததும் தேர்வாளர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

வெளியே வந்ததும் நெட்டை, "அடேயப்பா," என்றான். அவனுக்கே சிரிப்பு வரவில்லை. கண்ணாடி அவள் பக்கத்தில் வந்து, அந்தப் பகுதி முழுக்க நாங்கள் மூன்று பேரும் உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம், நீ ஏன் ஒரு தடவைகூட நிமிரவில்லை என்று கேட்டான். செல்லம் பெட்டியின் கொக்கிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மாலையில் அம்மா போன் செய்து, நன்றாகப் போனதா, கேட்க நிறைய பேர் வந்தார்களா என்று விசாரித்தாள். நிறைய பேர் வந்தார்கள் என்று சொல்லிவிட்டாள்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. அந்த மூவரும் சுருட்டையோடு போட்டிக்குப் போய், முதல் சுற்றிலேயே திரும்பி வந்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். பிறகு சுருட்டைக்கு வேறொரு நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்துவிட்டது, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறான் என்று செய்தி வந்தது. அதற்கு மறுநாள் தலைவி செல்லத்தின் பயிற்சி அறைக் கதவைத் தட்டினாள். அவள் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. உள்ளே வந்து சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அடுத்த வருஷம் நீ எங்ககூட இரு. குழுவை நாமளே முடிவு பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க," என்றாள். பிறகு, "இந்தத் தடவை நிஜமா," என்றாள்.

தலைவி அதை அன்பாகத்தான் சொன்னாள். ஒரு வேளை அவளுக்குத் தெரிந்த மன்னிப்பே அதுதானோ என்னவோ. செல்லம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வருஷம் முழுக்க எதற்கு ஏங்கினாளோ அது தானே நடந்து வந்து வாசலில் நிற்கிறது. வேண்டாம் என்றால் இவளை விடப் பைத்தியம் உண்டா? அடுத்த மூன்று நாளும் வாசிக்கும்போதெல்லாம், நெட்டை புருவத்தைத் தூக்குவதும், தான் அதைப் பார்த்து ஏதோ செய்வதும், நாலு பேரும் சிரிப்பதும் மனதில் ஓடின. ஆனால் அந்தக் காட்சி ஓடும்போதெல்லாம் அவள் நாற்காலியில் இல்லை. கதவுக்கு வெளியே, அந்தச் சின்னக் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி நினைத்துப் பார்த்தாலும் உள்ளே போய் உட்கார முடியவில்லை.

நான்காம் நாள் தலைவியை மாடிப்படியில் பார்த்தபோது, "எனக்கு வேண்டாம். வேற குழுவுக்குப் பேர் கொடுத்துட்டேன்," என்றாள். பொய்தான். வேறு குழு என்று ஒன்று இல்லை.

தலைவி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். "ஓ. சரி," என்றாள். பிறகு தோளில் வயலினைச் சரி செய்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள். செல்லம் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று நினைத்திருந்தாள். படியில் தலைவியின் காலடிச் சத்தம் அடங்குகிறவரை நின்றுவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

விடுமுறை தொடங்கிக் கட்டடம் காலியானது. அலுவலகத்தில் அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, புதிதாக வருகிறவர்களில் ஆள் தேறினால் சேர்த்துவிடுகிறோம், தேறாவிட்டால் தனி வாசிப்புதான் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குக் கிளம்ப இன்னும் சில நாள் இருந்தது. டிரம்பெட்காரனும் போய்விட்டான், பாடுகிறவளும் போய்விட்டாள். எதிர் அறைப் பியானோ மூடிக் கிடந்தது. இத்தனை நாள் அந்த இரைச்சல் ஒரு துணையாக இருந்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசித்துவிட்டு நிறுத்தினால், தந்தி அதிர்ந்து ஓய்கிற கடைசி முனகல் வரை கேட்டது.

ஒரு மத்தியானம் வில்லைத் தளர்த்தி வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் வெளியே போயிருக்கிறார்கள், நீ பேசு என்றாள். செல்லம் முதலில் வேறு எதையெதையோ பேசினாள். பிறகு, ஒரு குழுவில் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றாள்.

"ஏன்?" என்றாள் அக்கா.

அந்த ஒரு சொல்லுக்கு மடை திறந்துகொண்டது. டீக்கடையில் பெட்டியை வைக்க இடமில்லாமல் போனதிலிருந்து சொன்னாள். கதவுக்கு வெளியே நின்றதைச் சொன்னாள். அழுததைச் சொன்னாள், அம்மாவிடம் சொல்லாததைச் சொன்னாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று சொன்னாள், நடுநடுவே அவர்களைத் திட்டவும் செய்தாள். அக்கா ஊம் கொட்டிக்கொண்டிருந்தாள். "இப்ப நினைச்சா போயிருக்கலாமோன்னும் இருக்கு. போயிருந்தாலும் இதே மாதிரி உக்காந்திருப்பேனோன்னும் இருக்கு. நீ என்ன சொல்ற?" என்று கேட்டு நிறுத்தினாள். அந்த ஊருக்கு வந்த பிறகு ஒரே மூச்சில் அவள் இத்தனை பேசியது அன்றைக்குத்தான்.

பதில் வரவில்லை.

"அக்கா?"

போனுக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. நிதானமாக, ஆழமாக. அதன் பக்கத்தில் இன்னொரு மூச்சு, குட்டியாக, மூக்கடைத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாக ஓடியது. ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறவள், பாவம், எந்த இடத்தில் தூங்கிப் போனாளோ தெரியவில்லை. டீக்கடை வரை கேட்டாளா, கதவு வரை கேட்டாளா, அழுதது வரை வந்தாளா?

செல்லத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது கண்ணில் நீரும் வந்தது. அக்கா எழுந்த பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், இரண்டாம் தடவை இதே மாதிரி சொல்ல வருமா என்பது சந்தேகம்தான். போனை அணைக்க விரலை வைத்தாள், அணைக்கவில்லை. செல்லோவைப் பக்கவாட்டில் தரையில் படுக்க வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் தூங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.